போன இடத்தில் அமைதி

தள்ளிக்கொண்டு வந்த விறகு வண்டியை அப்படியே போட்டுவிட்டு, லியோனி குப்புற விழுந்தாள்.

கால் தடுக்கி அல்ல. வேண்டுமென்றேதான். ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள் இரண்டும் ஈர மண்ணில் ஒரே நேரத்தில் முனகின. விறகுக் குவியலின் இடுக்கு வழியாகப் பாதையைப் பார்த்தாள். சரளைக் கல்லில் ஏறி வந்துகொண்டிருந்த அந்தப் பச்சை பிக்கப் வண்டியின் சத்தத்தை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். புகைக்குழாயில் ஓட்டை. மேட்டில் ஏறினால் இருமும். பின்பக்கம், சூனியக்காரிகள் பறக்கிற கதையை வைத்து ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ‘என்னோட இன்னொரு வண்டி துடைப்பக்கட்டை.’ டாஸ்மேனியாவின் தென்கோடியில் அப்படி ஒரு வண்டிதான் உண்டு. அதை ஓட்டுகிறவளும் ஒருத்திதான்.

டெல்மா.

கன்னியர் மடத்துக்கு டெல்மா எதற்கு வருகிறாள்?

சமையலறையிலிருந்து மடத்தின் தலைவி சிஸ்டர் உர்சுலா வெளியே வந்தார். அன்று வெள்ளிக்கிழமை; மத்தியானம் மணி அடித்ததிலிருந்து மௌனம் ஆரம்பித்திருந்தது. ஞாயிறு மத்தியானம் மறுபடி மணி அடிக்கும்வரை மடத்துக்காரர்களும் விருந்தாளிகளும் வாய் திறக்கக் கூடாது. தரையில் கிடந்த லியோனியைச் சிஸ்டர் பார்த்தார். வந்து நின்ற வண்டியைப் பார்த்தார். தள்ளுவண்டியிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துக்கொண்டு, லியோனியை ஒரு குட்டையைத் தாண்டுவதுபோலத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

மௌனத்தில் ஒரு வசதி உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

லியோனி ஹார்பிசன் எழுத்தாளர். பெரிய எழுத்தாளர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சர்ச்சுக்கு முந்தைய பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களில் பாதிப்பேர், அவள் எழுதிய ‘தெற்குச் சக்கரம்’ என்ற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கும்பிடுகிறார்கள். வடக்கே இருப்பவர்கள் எழுதி வைத்ததை அப்படியே பின்பற்றி, கொளுத்துகிற டிசம்பரில் குளிர்காலப் பண்டிகை கொண்டாடி வியர்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, ‘நம்ம சூரியன் வேற பக்கமா சுத்துறான், நாமளும் அப்படியே சுத்துவோம்’ என்று சொன்னவள் அவள்தான். பண்டிகைகளை ஆறு மாதம் தள்ளிப் போட்டாள். சடங்கில் நெருப்புக்கு உரிய திசையைத் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றினாள். வட்டமாக நடக்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நடக்கச் சொன்னாள்.

ஆனால் அவளுக்கே அதையெல்லாம் கற்றுக்கொடுத்தவள் டெல்மா. விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட வருஷம், ஆப்பிள் பறிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு டெல்மாவின் தோட்டத்துக்கு வந்தாள் லியோனி. பௌர்ணமியன்று, ‘வேலை முடிஞ்சா போயிடாத, இரு’ என்றாள் டெல்மா. ஏழெட்டுப்பேர் வட்டமாக, கையில் விளக்கு, காலில் செருப்பில்லை. அன்றைக்கு நின்ற இடத்தில் பூமி தன்னைத் தெரிந்துவைத்திருக்கிறது என்று லியோனிக்குத் தோன்றியது. முப்பது வருஷம் ஆகியும் அது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் சிக்கலே. பொய்யாக இருந்திருந்தால் சுலபமாக விட்டுவிட்டு வந்திருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மடத்துக்கு அவள் முதல்முறை வந்தது சண்டைக்குத்தான். அடுத்த புத்தகத்தில், சர்ச் எந்தெந்தப் பண்டிகையை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று ஒரு அத்தியாயம் எழுதுவதாக இருந்தாள். ஐந்து கிழவிகள் வசிக்கும் மரவீடு. மாலைச் செபம் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். இன்னும் ஏதோ நடக்கப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வட்டத்தில் லியோனிதான் கூப்பிடுகிறவள். காற்றே வா, நெருப்பே வா, தாயே வா என்று கையை விரித்துக் குரல் உயர்த்துகிறவள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் தொண்டை களைத்துப் போயிருந்தது அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது. இங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட ஒருவரின் பக்கத்தில் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அத்தியாயம் எழுதப்படவில்லை. அதற்குப் பிறகு எந்த அத்தியாயமும் எழுதப்படவில்லை.

அதற்காக ஒரேயடியாக இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றும் இல்லை. செபத்தில் ‘தந்தை’ என்று வரும் இடமெல்லாம் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. நரகம் என்றால் சிரிப்பு வந்தது. மடத்திலிருந்து திரும்பும்போது நிலாவைப் பார்த்தால், பழைய தோழியைத் தெருவில் கண்டதுபோல ஒரு தலையசைப்பு. பிறகு, பார்த்துவிட்டார்களோ என்று ஒரு திரும்பிப் பார்த்தல். இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கத்துக்குத் துரோகம் செய்கிறவள். அங்கே போனால் இங்கே.

வருகிற வியாழக்கிழமை, இறந்தவர்களை நினைக்கும் இலையுதிர்கால இரவு. அன்றைக்கு டெல்மா தலைமையிலிருந்து இறங்குகிறாள். தலைமைக்கு அடையாளமான தன் கத்தியை லியோனியிடம் கொடுப்பாள். வாங்கிக்கொள்கிறவள் வட்டத்துக்கு நடுவில் நின்று, ‘எனக்கு வேறு வாசல் இல்லை’ என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தை லியோனியால் பொய்யாகச் சொல்ல முடியாது.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கெரின் என்று ஒரு பையன் வட்டத்தில் இருந்தான், ஆடு மேய்க்கிற நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கும் போகிறேன் என்று ஒருநாள் சொன்னான். சடங்குக்குக் கட்டிய வட்டத்திலிருந்து நடுவில் வெளியேறினால், கத்தியால் காற்றில் ஒரு கதவு வெட்டி வழிவிட வேண்டும். டெல்மா கத்தியை எடுத்தாள். கதவை வெட்டினாள். அவன் போனான். கதவை மூடினாள். அவன் திரும்பத் தட்டக்கூட ஏதுமில்லாத கதவு அது. அந்த மூடல் லியோனியின் கண்ணிலேயே நின்றது. கத்தி போனால் போகட்டும். புத்தகம் போனாலும் போகட்டும். காலையில் எழுந்ததும் போன் செய்து, ‘இன்னும் சாகலையா நீ?’ என்று கேட்கிற ஒரே ஆள் உலகத்தில் டெல்மாதான். அவள் போய்விட்டால்?

அதை முடிவு செய்யத்தான், ஹோபார்ட்டில் எழுத்தாளர் பட்டறை என்று பொய் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தாள். ஞாயிறு இரவு நேராக டெல்மா வீட்டுக்குப் போய்த் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். இப்போது டெல்மா தன் கண்ணாலேயே பார்க்க வந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் மண்ணில் கிடக்க முடியும்? எழுந்தாள். விறகுக் குவியலுக்கு அந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தோல் பையோடு நின்றாள் டெல்மா. ஆறடி உயரம். நரைத்த பின்னல். ஒரு புருவம் மட்டும் மேலே போனது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். விரலை உதட்டில் வைத்து, லியோனியின் தாடையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுட்டிக் காட்டிவிட்டு, விருந்தாளி அறைகள் பக்கம் நடந்தாள்.

இரவு உணவில் எதிரெதிர் நாற்காலி. பூசணி சூப், சுட்ட ரொட்டி. சாப்பாட்டு மேஜையிலும் பேசக் கூடாது என்பதால், உப்பு வேண்டும் என்றாலும் கேட்க முடியாது; பக்கத்தில் இருப்பவர் கவனித்துத் தர வேண்டும். கிரேம் என்ற ஓய்வுபெற்ற பல்மருத்துவர் வருஷா வருஷம் வருகிறவர், அவருக்கே இந்தப் பழக்கம் இன்னும் பிடிபடவில்லை. வெண்ணெயையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்மா பார்க்காமலே வெண்ணெயை அவர் பக்கம் நகர்த்தினாள். லியோனி தேடுவதற்கு முன்பே மிளகு அவள் கிண்ணத்தருகில் வந்து உட்கார்ந்தது. வந்த முதல் வேளையே இவ்வளவு சுத்தமாக நடந்துகொள்கிறாளே என்று லியோனிக்கு எரிச்சல் வந்தது. வேவு பார்க்க வந்தவள் கொஞ்சமாவது தடுமாறக் கூடாதா?

இரவுச் செபத்துக்கு மணி அடித்தபோது டெல்மா மட்டும் உள்ளே வரவில்லை.

அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு லியோனி பின்வரிசையில் உட்கார்ந்தாள். இதுவரை மாலைச் செபத்துக்குத்தான் வந்திருக்கிறாள். தங்கி, இரவுச் செபம் கேட்பது இதுதான் முதல்முறை. சங்கீதம் முடிந்தது. மௌனம் முடிந்தது. விளக்கை அணைக்கப் போன சிஸ்டர் உர்சுலா நின்றார். அரையிருட்டில் ஐந்து கிழக் குரல்கள், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், ஒன்றாகச் சொல்லத் தொடங்கின.

‘அணைந்த அடுப்புக்கு அமைதி.
மூடிய கதவுக்கு அமைதி.
நனைந்த மண்ணில் உறங்கும் விதைக்கு அமைதி.
விழித்திருப்பவள் கைகளுக்கு அமைதி.’

லியோனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பௌர்ணமியும் வட்டத்தைக் கலைக்கும்போது சொல்கிற வாழ்த்து அது. ‘தெற்குச் சக்கர’த்தின் கடைசிப் பக்கம். இங்கிலாந்தில் கார்ன்வாலிலிருந்து வந்த தன் மாமியார் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தது என்று டெல்மா கொடுத்தது. மூடிய கதவு என்றால் குளிர்காலம், கருப்பை, மரணம் என்று லியோனி அதற்கு ஒரு முழு அத்தியாயம் உரை எழுதியிருந்தாள். மூன்றாவது வரியை முழங்கையில் பச்சை குத்திக்கொண்ட வாசகர்கள் இருக்கிறார்கள்.

முதலில் அவளுக்குத் தோன்றியதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு: கன்னியாஸ்திரீகள் என் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள்!

அந்தச் சந்தோஷம் முழுசாக ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. முன்வரிசையில் சிஸ்டர் ஃபிலோமினா, தொண்ணூறைத் தொடப்போகிறவர், நேற்று என்ன சாப்பிட்டார் என்பதே நினைவில்லாதவர், கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு அரை வார்த்தை முன்னால் சொல்லிக்கொண்டு போனார். இது புத்தகத்தில் படித்தது இல்லை. இது உடம்பில் ஊறியது.

அவர்கள் நான்காவது வரியோடு நிறுத்தவும் இல்லை. ஒரு மூச்சு விட்டு, இன்னொன்று சொன்னார்கள்.

‘சமையலறைக் கதவு வழியே போனவளுக்கும், போன இடத்தில், அமைதி.’

விளக்கு அணைந்தது.

இந்த வரி வட்டத்தில் கிடையாது. புத்தகத்திலும் கிடையாது. லியோனி இருட்டில் உட்கார்ந்தபடியே அழுதாள். இங்கே முன்வாசல் வழியாக வராமல், எப்போதும் விறகோடு சமையலறை வழியாகவே வந்து போகிறவள் யார்? அவள்தானே? உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் இருக்கிற தன்னைப் போன்றவர்களுக்காக யாரோ எப்போதோ யோசித்து வைத்த வரி என்று நம்பினாள். எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எந்த வரியைக் கேட்டாலும் தனக்கு என்று தோன்றும்.

அறைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அழுகை வற்றி, கோபம் வந்தது.

சனிக்கிழமை முழுவதும் டெல்மா விறகு பிளந்தாள். காலைச் செபம் நடக்கும்போது வெளியே கோடரி விழும் சத்தம். ஒரு சங்கீத வரி, ஒரு வெட்டு. அடுத்த வரி, அடுத்த வெட்டு. வேண்டுமென்றே செய்கிறாள் என்று லியோனி பல்லைக் கடித்தாள். சிஸ்டர்கள் மட்டும் அந்த வெட்டுக்கு ஏற்ற மாதிரி தாளத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டதுபோல இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் முற்றத்தைச் சுற்றி நடப்பது வழக்கம். கடிகாரம் சுற்றும் திசையில், வரிசையாக, தலை குனிந்து. லியோனி அந்த வரிசையில் சேர்ந்துகொண்டாள். டெல்மா வந்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினாள். லியோனியே அச்சடித்துக் கொடுத்த திசை. விளைவு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முகத்துக்கு முகம். முதல் தடவை டெல்மா கண்ணைச் சுருக்கினாள். இரண்டாவது தடவை, ‘உன் புத்தகத்தையே நீ படிக்கலையா?’ என்பதுபோலத் தரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். மூன்றாவது தடவை லியோனி, திட்டுவதற்குப் பேச்சு தேவையில்லாத ஒரு விரலைக் காட்டினாள். பின்னால் வந்த கிரேம் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக ஆகாயத்தைக் கும்பிட்டார். டெல்மாவின் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறாள். லியோனிக்கும் வந்தது. இத்தனை கோபத்திலும் வந்தது. நான் இழக்கப்போவது இதைத்தான் என்று நினைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு வரிசையோடு நடந்தாள்.

அன்று சாயங்காலம் துணி துவைக்கும் அறையில் சிஸ்டர் உர்சுலாவை மடக்கி, லியோனி மௌனத்தை உடைத்தாள்.

“சிஸ்டர், மன்னிச்சிருங்க. தாங்க முடியல. ராத்திரி விளக்கு அணைக்கும்போது சொல்றீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு?”

சிஸ்டர் ஈரத் துண்டை உதறினார். வாயில் விரல் வைத்தார்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கார்ன்வாலா?”

சிஸ்டர் முகத்தில் குழப்பம். மெல்ல, பாவம் போனால் போகட்டும் என்பதுபோல, “எங்கேர்ந்தும் வரல. இந்த வீட்லயே எழுதினது” என்றார்.

“எப்போ?”

“நான் வர்றதுக்கு முன்னாடி. நாளைக்கு மணி அடிக்கட்டும். போ.”

போதும். கணக்கு தீர்ந்தது. டெல்மா எப்போதோ இதை இங்கே கேட்டிருக்கிறாள். தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மாமியார், கார்ன்வால், காலங்காலம் என்று கதை கட்டிக் கையில் கொடுத்திருக்கிறாள். லியோனி அதை நம்பி, அச்சில் ஏற்றி, தன் பெயரைக் கீழே போட்டிருக்கிறாள். சர்ச் யாரிடமிருந்து திருடியது என்று அத்தியாயம் எழுத வந்தவள்!

அன்றிரவு செபத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூடிய கண்ணாடிக்கு வெளியே இருட்டில் ஒரு சிகரெட் நெருப்பு. ஐந்து குரல்கள் எழுந்தன. அணைந்த அடுப்புக்கு அமைதி. நெருப்பு அசையாமல் இருந்தது. மூடிய கதவுக்கு அமைதி. அசையவில்லை. விதைக்கு அமைதி என்றபோது அந்தச் சிவப்புப் புள்ளி சட்டென்று கீழே விழுந்தது. காலடிகள் வேகமாகச் சரளையில் போயின. குற்றவாளி ஓடுகிறாள் என்று லியோனி நினைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து மணி அடித்தது.

அடைத்த குழாய் திறந்ததுபோலப் பேச்சு கொட்டியது. கிரேம் யாரிடம் என்றில்லாமல் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தேநீர்க் கோப்பைகள் மோதின. லியோனி யாருக்கும் பதில் சொல்லாமல் வெளியே ஓடினாள். டெல்மா பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கியிருந்தாள். லியோனி ஜன்னலில் இரண்டு கையையும் வைத்தாள்.

“ஓடலாம்னு பாத்தியா?”

“ஹோபார்ட் பட்டறை நல்லா போச்சா?” என்றாள் டெல்மா.

“நீ மட்டும்? முதுகு வலி, வாரம் முழுக்கப் படுக்கைன்ன. முதுகு வலிக்கிறவ மூணு டன் விறகு பொளந்தியா?”

“வேவு பாக்க வந்தேன்னு நெனச்சியாக்கும்.”

“வேற எதுக்கு? எப்படித் தெரியும் நான் இங்க வர்றது? யாரு சொன்னா?”

“உன் கோட்டு சொல்லிச்சு. ரெண்டு வருஷமா இந்த வீட்டு சோப்பு வாசனை அடிக்குது அதுல. எனக்கென்ன மூக்கு இல்லையா?”

“ரெண்டு வருஷமா?” லியோனிக்குக் குரல் கீழே போனது. “ரெண்டு வருஷமா தெரிஞ்சும் பேசாம இருந்தியா? தெரிஞ்சும் வியாழக்கிழமை கத்தியை என்கிட்ட குடுக்கிறேன்னியா?”

“ஆமா.”

“கெரினை மட்டும் ஏன் தொரத்தின?”

டெல்மா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். “அவன் சர்ச்சுக்குப் போனதுக்கா தொரத்தினேன்? போயிட்டுப் போறான். ‘நீங்களும் ஒருநாள் வாங்களேன் டெல்மா’ன்னான். சும்மா, அன்பாத்தான் கேட்டான். ரெண்டு நாள் தூங்கல நான். கூட இருந்தா மறுபடி கேப்பான்னு பயம்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று நிறுத்தி யோசிக்கிற நிலையில் லியோனி இல்லை. இரண்டு இரவு சேர்த்து வைத்தது வெளியே வந்தது.

“பேச்சை மாத்தாத. வாழ்த்து. அணைந்த அடுப்பு. நான் கேட்டேன் டெல், உள்ள ஒக்காந்து என் காதால கேட்டேன். ஒங்க மாமியா கார்ன்வால்லேர்ந்து கொண்டு வந்ததா? அந்தம்மா கொண்டு வந்தது வாத நோய் ஒண்ணுதான்! திருடியிருக்க. இந்தக் கெழவிங்ககிட்டேர்ந்து திருடி என் கையில குடுத்து, என்னை உரை எழுத வச்சு… ஊரு பூரா கையில பச்சை குத்திக்கிட்டு அலையுது!”

“கத்தாத. சிஸ்டருங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அவங்க சொத்து.”

“எழுதினது யாருன்னு சொன்னாங்களா?”

“இந்த வீட்ல எழுதினதுன்னு சொன்னாங்க. போதாதா?”

டெல்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் பேசியபோது, வட்டத்தில் மரங்களே திரும்பிப் பார்க்கிற அந்தக் குரல் இல்லை. யாரோ சின்னப் பெண்ணின் குரல்.

“எந்த எடத்துலன்னு சொல்லல இல்ல. பாத்திரம் கழுவற தொட்டி பக்கத்துல. கடைசியா தூங்கப் போறவதான் அடுப்பை அணைச்சு, கதவைச் சாத்தணும். அது என் வேலை. ரெண்டு வருஷம் பண்ணேன். ஒருநாள் ராத்திரி கை வெடிச்சு எரிஞ்சிச்சு, அழுகையா வந்துச்சு, அழறதுக்குப் பதிலா அதைச் சொன்னேன். ஃபிலோமினாவுக்கு அப்போ நாப்பது சொச்சம். கேட்டுட்டாங்க. மறுநாள் கோயில்ல எல்லாரும் சொன்னாங்க.”

லியோனியின் கைகள் ஜன்னலிலிருந்து தானாக இறங்கின.

“நீ… இங்க?”

“இருபத்திரண்டு வயசு. கன்னியாஸ்திரீ ஆகப் பழகறவங்க போடற வெள்ளை முக்காடு. முடி கூட வெட்டிட்டாங்க. சிரிக்காத.”

“சிரிக்கலை.”

“இங்க பின்னாடி தோட்டத்துல ஒரு காலைல பனி விலகுச்சு பாரு. எனக்கு அதுக்கு மேல ஒரு கோயில் தேவைப்படல. அதைச் சொன்னா பாவம்னு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. உருளைக்கெழங்கு உரிச்சுட்டிருந்தேன். பாதியை அப்படியே தண்ணியில போட்டுட்டு, சமையலறைக் கதவைத் தொறந்து, கீழ ரோடு வரைக்கும் நடந்தேன். லாரிக்காரன் ஒருத்தன் ஏத்திக்கிட்டான். ஒரு காயிதம்கூட எழுதிப் போடல அவங்களுக்கு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சபிச்சிருப்பாங்க. நியாயம்தான். நீயும் அதே மாதிரி இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம ஓடிடப்போறியேன்னுதான் வந்தேன். சொல்லிட்டுப் போ. எந்தப் பக்கம் போனாலும் சொல்லிட்டுப் போ. அதைச் சொல்றதுக்குத்தான் வந்தேன், வந்து பாத்தா வாயைத் தொறக்கக் கூடாதாம்.”

லியோனி சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் கொதித்தது. தனக்காக எழுதியது என்று நினைத்து, இருட்டில் அழுதாளே.

“வியாழக்கிழமை வருவியா?” என்றாள் டெல்மா.

“தெரியல.”

“சரி. தெரியலைன்னா தெரியலைன்னு வந்து சொல்லு.” கியரில் கை வைத்தாள். “தள்ளு. பாதத்துல ஏத்திடப் போறேன்.”

லியோனி தள்ளி நிற்கவில்லை.

“டெல். ரெண்டு ராத்திரியும் வெளிய நின்னு கேட்டேல்ல?”

“கேட்டேன்னு சொல்ல முடியாது. வெதைக்கு அமைதின்னதும் கால் நிக்கல. அந்த எடத்துலதான் ஃபிலோமினா குரல் ஒடையும். அப்பவும் ஒடையும், இப்பவும் ஒடையுது.”

“கடைசி வரைக்கும் நிக்கவே இல்லையா?”

“எதுக்கு நிக்கணும்? மிச்சம் ஒரு வரிதானே. நான் எழுதினது எனக்குத் தெரியாதா? மொத்தம் நாலு.”

“அவங்க அஞ்சு சொல்றாங்க டெல்” என்றாள் லியோனி.